மூட்டில் பிறக்கும் பழுது

கெப்போங்கிலிருந்து சுங்கை பூலோ, ஈஜோக் வழியாகக் கோலசிலாங்கூர் பக்கம் போகும் 54ஆம் எண் கூட்டரசுச் சாலையில், வார இறுதியில் வண்டி ஓட்டுபவர்கள் பெரும்பாலும் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கவோ பாசிர் பெனாம்பாங்கில் மீன் சாப்பிடவோ போகிறவர்கள். இந்த அத்தியாயத்துக்கு அந்தச் சாலை வேறொரு காரணத்துக்காக வேண்டியிருக்கிறது. அதன் ஒரு முனையான கெப்போங்கில்தான் புஃபோரி கார் ஆலை இருக்கிறது. கூரி சகோதரர்கள் 1986இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய நிறுவனம் அது. 1990களில் மலேசியாவுக்கு வந்து, 1930களின் அமெரிக்கக் கார்களின் சாயலில், நீண்ட மூக்கும் புடைத்த மட்கார்டும் கொண்ட வண்டிகளைக் கையால் கட்டத் தொடங்கியது. சாலையின் நடுவே, சுங்கை பூலோவில், 1925இல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் பல்லாண்டு காலம் இருந்தது. அதைத் தாண்டினால் செம்பனைத் தோட்டங்கள். மறுமுனைக்கு அப்பால் கடல்.

பழங்காலச் சாயலில் கட்டிய கார் ஒன்றை இந்த வட்டாரத்தில் ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டுமானால், கண்ணாடி இழை, ரப்பர், உரம், உப்புக்காற்று ஆகிய நான்கையும் அறிந்திருக்க வேண்டும். நான்கும் இந்த ஒரே சாலையோரத்தில் கிடைக்கின்றன.

முதலில், இத்தகைய கார் எதனால் ஆனது என்று பார்ப்போம். மலேசியர் பலர் பார்த்திருக்கக்கூடிய உதாரணம் டிடி 2000. இங்கிலாந்தின் எம்.ஜி. நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் விற்ற 'டிடி' என்ற இரண்டு இருக்கைக் காரின் மறுபிறவி இது. மூல வண்டி 1953 வரை ஏறத்தாழ 30,000 செய்யப்பட்டது. பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. கொரியப் போரால் ரப்பர் விலை ஏறி, மலாயாத் தோட்டத் துரைமார் கையில் பணம் புரண்ட ஆண்டுகளும் அவைதாம். அந்த மூல வண்டியின் உடலுக்குள் ஆஷ் மரச்சட்டம் இருந்தது. அதன்மேல் இரும்புத் தகடு. 1250 சிசி இன்ஜினில் திருகுமரைகள் மெட்ரிக் அளவிலும், போல்ட் தலைகள் பிரிட்டனின் விட்வொர்த் அளவிலும் இருந்தன. இந்தக் குழப்பத்தை யார் எந்த மனநிலையில் ஒப்புக்கொண்டார்கள் என்று இன்றைக்கும் பழைய எம்.ஜி.க்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் உருவாகிப் பிறகு மலேசியாவில் கட்டப்பட்ட டிடி 2000இல் மரமும் இல்லை, விட்வொர்த்தும் இல்லை. இரும்புச் சேசிஸ், கண்ணாடி இழை உடல், டொயோட்டாவின் 2 லிட்டர் இன்ஜின். இதைவிட எளிய வழியொன்றும் உலகெங்கும் பரவியிருந்தது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் போல்ட்டுகளைக் கழற்றினால் மேலுடலை அப்படியே தூக்கிவிடலாம். சக்கரங்களோடும் இன்ஜினோடும் தரைத்தட்டு தனியாக நிற்கும். அதன்மேல் நீங்கள் விரும்பிய உடலை வைத்துப் பூட்டலாம். புஃபோரியின் முதல் கார்களும் இப்படிப் பீட்டில் அடித்தளத்தில் பிறந்தவைதாம். 2003 வரை 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் பீட்டில். ஷா ஆலமில் சாம்பியன் மோட்டார்ஸ் ஆலையிலும் ஒரு காலத்தில் பூட்டப்பட்டது. ஆகவே அடித்தளத்துக்கு எங்கும் பஞ்சமில்லை.

இப்போது கவனியுங்கள். ஒரே வண்டியில் 1950இன் தோற்றம், 1970இன் தரைத்தட்டு, 1990இன் இன்ஜின், யாரோ ஒருவர் தம் பட்டறையில் ஊற்றிய கண்ணாடி இழை, எங்கிருந்தோ வந்த விளக்குகள். ஒவ்வொன்றும் தனியாக எடுத்தால் நம்பகமான பொருள். ஒரு பெரிய ஆலையில் நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் செய்யும் வேலையில் பாதி, ஒரு பொருளும் மற்றொரு பொருளும் தொடும் இடத்தில் என்ன நடக்கும் என்று சோதிப்பதுதான். இந்தக் கார்களில் அந்தச் சோதனை குறைவு. அதனால் இவற்றின் பழுதுகள் பொருளின் நடுவில் தோன்றுவதில்லை. இரண்டு பொருள்கள் சந்திக்கும் மூட்டில் தோன்றுகின்றன. பழுது பார்ப்பவர் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

இரும்பிலிருந்து தொடங்குவோம். துருப்பிடிக்க இரும்புக்கு நீர் வேண்டும், ஆக்சிஜன் வேண்டும். உப்பு இருந்தால் வேகம் கூடும். மழை வேண்டும் என்பதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. சிலாங்கூர் கடலோரத் தாழ்நிலத்தில் இரவு ஈரப்பதம் 90ஐத் தாண்டுவது வழக்கம். கொட்டகைக்குள் நிற்கும் கார்கூட ஒவ்வோர் இரவும் நனைகிறது என்றே சொல்ல வேண்டும். அந்தப் படலத்தில் உப்புத் துகள் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சாதாரண உப்பு 75 விழுக்காடு ஈரப்பதத்தில் தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் பக்கம் காரின் அடிப்பகுதி வெயில் நாளிலும் முழுதாகக் காய்வதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

உள்நாட்டில், பெஸ்தாரி ஜெயாவில் இருப்பவர், நமக்குக் கடல் தூரம் என்று நிம்மதி அடையலாம். நானாக இருந்தால் அடைய மாட்டேன். செம்பனைக்கு இடும் உரங்களில் முக்கியமானது பொட்டாஷ் உரம்; வேதியியலில் அது பொட்டாசியம் குளோரைடு. இரும்பைத் தின்பது குளோரைடு. அது கடலிலிருந்து வந்ததா உர மூட்டையிலிருந்து வந்ததா என்று இரும்பு பார்ப்பதில்லை. போதாததற்கு, வட சிலாங்கூரின் பெரும்பரப்பு கரிச்சேற்று நிலம். ராஜா மூசா காட்டையொட்டிய வாய்க்கால்களில் தேநீர் நிறத்தில் ஓடும் நீர் அமிலத்தன்மை கொண்டது; அமில எண் 4க்கும் கீழே இறங்குவதுண்டு. தோட்டத்துச் செம்மண் சாலையில் தேங்கிய குட்டையைச் சீறிக்கொண்டு கடப்பது பார்க்க அழகுதான். அதே மாலை அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

இங்கே ஒரு வரலாற்றுத் துணுக்கைச் சொல்லாமல் போக மனமில்லை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில், தென்னமரம் தோட்டத்தில், ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரரால் நடப்பட்டது. பின்னாளில், 1930இல், பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசைப் பெற்றவரும் அவரே. பனை எண்ணெய்க்கு அக்காலத்தில் இருந்த பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று வேல்ஸ் நாட்டின் தகரத் தொழில். சூடான இரும்புத் தகடு தகரக் குழம்பில் மூழ்கும்வரை காற்றுப் பட்டுக் கெடாமல் இருக்க, அதைப் பனை எண்ணெயில்தான் வைத்தார்கள். இரும்பை ஆக்சிஜனிடமிருந்து காக்கும் வேலையைச் செம்பனை முன்பே செய்திருக்கிறது.

துரு எங்கே ஆழமாகத் தின்னும் என்பதில் ஒரு புதிர் உண்டு. ஆக்சிஜன்தான் துருவுக்குக் காரணம் என்றால், திறந்த இடத்தில்தான் துரு அதிகம் இருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. ஒரே ஈரத் தகட்டில் ஆக்சிஜன் நிறையக் கிடைக்கும் பகுதியும் குறைவாகக் கிடைக்கும் பகுதியும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகிவிடுகின்றன; அதில் கரைவது ஆக்சிஜன் குறைந்த பகுதி. சேறு ஒட்டிய மூலை, நனைந்த கம்பளத்தின் அடி, உடலுக்கும் சேசிஸுக்கும் நடுவே வைத்த ரப்பர்த் துண்டின் கீழ், பெட்டிச் சட்டத்தின் உட்புறம் எல்லாம் இந்த ரகம். பீட்டில் அடித்தளமானால் பின்னிருக்கையின் கீழே பேட்டரி உட்காரும் இடத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே அமிலமும் சொட்டும்.

கண்ணாடி இழை துருப்பிடிக்காது. இந்தக் கார்களின் பெருமையும் ஆபத்தும் அதுவே. சாதாரணக் காரில் மட்கார்டில் கொப்புளம் கிளம்பி எச்சரிக்கும். இங்கே மேலே பளபளப்புக் குறையாமலே கீழே சட்டம் போய்விடும். உடலுக்குள் புதைத்து ஒட்டிய இரும்புத் தகடுகளும், கதவுக் கீல் பூட்டும் இடத்தில் இருப்பவை போல, துருப்பிடிக்கும். துரு தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கேட்டு வாங்கியும் விடும். கீல் அருகே காரணமில்லாமல் விரிசல் கண்டால் பெயின்ட்காரரைத் தேடாதீர்கள். உள்ளே இரும்பு வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டத்துக்கு வைத்தியம்: தளர்ந்த துருவைக் கம்பித் தூரிகையால் எடுத்து, பாஸ்பாரிக் அமிலம் கொண்ட துருமாற்றி பூசி, துத்தநாகம் நிறைந்த அடிப்பூச்சு, அதன்மேல் வண்ணம். பெட்டிச் சட்டத்தின் உள்ளே மெழுகுத் தெளிப்பு. வடிகால் துளைகள் அடைபட்டிருக்கக் கூடாது. பழைய இன்ஜின் எண்ணெயை அடியில் அடித்துவிடும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த எண்ணெயில் எரிபொருள் எரிந்த அமிலக் கழிவு இருக்கிறது, ரப்பர் புஷ்களையும் அது ஊற வைத்துக் கெடுக்கும், மண்ணையும் கெடுக்கும். துத்தநாகம் தோய்த்த சேசிஸாக இருந்தால் வெல்டிங்கின்போது சுற்றியுள்ள துத்தநாகத்தை முதலில் தேய்த்து எடுத்துவிட வேண்டும்; அதன் புகை காய்ச்சலைக் கொடுக்கும். வெல்டிங் முடிந்ததும் அந்த இடம் அம்மணமாக நிற்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

கண்ணாடி இழையில் இரண்டு பொருள்கள் உள்ளன. இழுவிசையைக் கண்ணாடி நூல் தாங்குகிறது. பாலியெஸ்டர் ரெசின் அந்த நூல்களைப் பிடித்து வடிவத்தைக் காக்கிறது. 1953இல் அமெரிக்காவின் கார்வெட் இந்த உடலோடு வந்தபோது முதல் ஆண்டில் 300 வண்டிகளே செய்யப்பட்டன. பெரிய அச்சு இயந்திரம் இல்லாமலே உடல் வார்க்கலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. சாயல் கார்த் தொழில் முழுவதும் அந்த ஒரு வசதியின்மேல் நிற்கிறது. மேல்தோலாக இருப்பது ஜெல்கோட். அரை மில்லிமீட்டர் கனம், உள்ளே நூல் இல்லை, அதனால் நொறுங்கும் குணம். போல்ட் இறுக்கிய இடங்களில் நட்சத்திரம்போல் விரியும் கீறல்கள் இதில்தான் வருகின்றன.

ஏன் போல்ட் அருகே? ஒரு கணக்குப் போடலாம். ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் இரும்பு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். கண்ணாடி இழை உடல் ஏறத்தாழ 25 பங்கு. விடியற்காலை 24 டிகிரியில் இருக்கும் வண்டி, மதிய வெயிலில் 64 டிகிரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டர் நீளத்தில் இரண்டுக்கும் வரும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தினமும் ஒரு மில்லிமீட்டர் இழுபறி. துளையைப் போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக்கி, அகலமான வாஷரும் ரப்பரும் வைத்து, அளவாக இறுக்கினால் உடல் நகர்ந்துகொள்ளும். பலம் காட்டி இறுக்கினால் ஜெல்கோட்தான் வழிவிடும். மேலே பட்டி தடவி மறைக்கும் கீறல், காரணம் போகாததால், சில மாதங்களில் அதே இடத்தில் திரும்பும்.

சரியான வைத்தியம் பின்புறத்திலிருந்து. கனத்தைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, 4 மில்லிமீட்டர் உடலானால் சுற்றிலும் 5 சென்டிமீட்டர், அடுக்கடுக்காக இழைப்பாய் வைத்து ரெசின் ஊற வைக்க வேண்டும். கெட்டிப்படுத்தும் திரவம் 1 முதல் 2 விழுக்காடு. நம் வெப்பத்தில் குறைந்த அளவே போதும். ஒரு கோப்பை நிறையக் கலந்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் கோப்பையே புகையும், ஏனெனில் இந்த வினை வெப்பம் உமிழ்வது. கெட்டிப்படுத்தியையும் கோபால்ட் முடுக்கியையும் நேராக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது, வெடிக்கும். மழை விட்ட உடனே இந்த வேலையைத் தொடங்கவும் கூடாது. ஈரம் ஏறிய கண்ணாடி நூலில் ரெசின் சரியாகப் பிடிக்காது. கார்ப் பெயின்ட் பட்டறையைவிட, ஃபைபர் படகு பழுது பார்ப்பவர் இந்த வேலையைச் சுத்தமாகச் செய்வார் என்பது என் கணிப்பு. தண்ணீர் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

இனி மின்சாரம். இரும்பு உடல் கொண்ட காரில் பேட்டரியிலிருந்து விளக்குக்கு ஒரு வயர் போதும். மின்னோட்டம் திரும்பி வர உடலே பாதை. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பும் வயர், பட்டறை மொழியில் 'எர்த்', தனியே போட வேண்டும். அந்த எர்த் வயர் சட்டத்தில் பூட்டியிருக்கும் மூட்டு, மேலே சொன்ன உப்பும் ஈரமும் குடியிருக்கும் இடம். அங்கே அரை ஓம் தடை ஏறினால் என்ன ஆகும்? 55 வாட் விளக்கின் தடை 2.6 ஓம். இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்ளும். விளக்குக்குக் கிடைப்பது 10 வோல்ட் சொச்சம். வோல்ட் ஆறில் ஒரு பங்கே குறைந்தது. ஒளியோ ஏறக்குறைய பாதியாகிவிடும், ஏனென்றால் இழை விளக்கின் ஒளி வோல்ட்டின் மூன்றரை மடிக்கு நெருக்கமாக ஏறி இறங்குவது. தொலைந்த மின்திறன் அந்த மூட்டைச் சூடாக்கும்.

எர்த் முற்றிலும் அறுந்தால் விசித்திரங்கள் தொடங்கும். இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு கண் சிமிட்டும். பிரேக் மிதித்தால் மறுபக்க விளக்கு மங்கலாக எரியும். வடிகால் அடைபட்ட மழைநீர் பக்கத்து லயத்து வாய்க்காலில் ஏறுவதுபோல, மின்னோட்டம் அடுத்த பல்பின் இழை வழியாகத் திரும்பப் பார்க்கிறது. பல்பை மாற்றிப் பயனில்லை. விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை விளக்குக் கூட்டின் எர்த்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நோய் அங்கேதான். தேய்த்துச் சுத்தம் செய்து கிரீஸ் தடவுங்கள். புதிய வயர் போடுவதானால் படகுகளுக்கு விற்கும் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வாங்குங்கள்.

ரப்பருக்கு வருவோம். தோட்டப்புறத்தில் கித்தா மரம் வெட்டிய குடும்பத்துக்கு ரப்பரைப் பற்றிப் பாடம் நடத்துவது துணிச்சல்தான். ஆனாலும் காரில் எந்த ரப்பர் எங்கே என்பது வேறு பாடம். பால் உறைந்து கிடைக்கும் இயற்கை ரப்பர் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும், பெட்ரோலும் அப்படியே. ஒத்த குணமுள்ளவை ஒன்றில் ஒன்று ஊறும். அதனால் இயற்கை ரப்பர்க் குழாயில் பெட்ரோல் விட்டால் குழாய் வீங்கி, மென்மையாகி, கிழியும். பெட்ரோல் குழாய்க்கு நைட்ரைல் ரப்பர். அதில் கோக்கப்பட்ட நைட்ரஜன் கூட்டணுக்கள் மின்னூட்டச் சாய்வு கொண்டவை, பெட்ரோலை உள்ளே விடுவதில்லை. பிரேக் வாஷர்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். அவை பிரேக் எண்ணெயைத் தாங்கும், ஆனால் இன்ஜின் எண்ணெய் ஒரு சொட்டு கலந்தாலும் வீங்கிப் பிரேக் பிடித்துக்கொள்ளும். இன்ஜினைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகளிலும் கனரக டயர்களிலும் மட்டும் இன்றுவரை இயற்கை ரப்பருக்கு நிகரில்லை. இழுபடும்போது அதன் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிக்கொண்டு கிழிசலைத் தடுக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் கார்களில் டயர் தேய்வதில்லை, ஆனால் கெடும். காற்றிலுள்ள சிறிதளவு ஓசோன் ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை அறுக்கிறது. அதைத் தடுக்கும் மெழுகு டயருக்குள்ளேயே கலந்திருக்கிறது. டயர் சுழன்று நெளியும்போதுதான் அது மேற்பரப்புக்கு வரும். சும்மா நிற்கும் டயர் வேகமாக முதிர்வதன் ரகசியம் இது. பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குறையாகத் தோன்றினாலும் இது வேண்டுமென்றே தேர்ந்த குணம். நீர் தனித்துளியாகத் தங்கி ஓரிடத்தில் துருவையும் ஆவியையும் உண்டாக்குவதைவிட, எண்ணெயில் பரவிக் கிடப்பது மேல். ஆனால் கொதிநிலை இறங்கும். டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரியைத் தாங்க வேண்டும்; 3.7 விழுக்காடு நீர் ஏறிய நிலையில் தரவிதி கேட்பது 155 மட்டுமே. நம் காற்றில் இரண்டாண்டு என்பது உச்சவரம்பு; நான் ஆண்டுக்கொரு முறை மாற்றச் சொல்வேன். செலவு ஒரு நல்ல மீன் சாப்பாட்டை விடக் குறைவு.

பீட்டில் அடித்தளக் காரில் ரேடியேட்டர்ச் சட்டம் வெறும் அலங்காரம். இன்ஜின் பின்னால், காற்றால் குளிர்வது. இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளும் ரப்பர் விளிம்பும் மேலிருக்கும் குளிர்காற்றையும் கீழே தள்ளிய சூடான காற்றையும் பிரித்து வைக்கின்றன. உடல் மாற்றியவர் அவற்றை வேண்டாத தகரம் என்று கழற்றி வீசியிருந்தால், விசிறி தான் தள்ளிய வெப்பத்தையே மறுபடி இழுக்கும். ஜாலான் கிள்ளான் நெரிசலில் இன்ஜின் வெந்துவிடும்.

இவ்வளவுக்கும் மேல் மலேசியாவில் ஒரு பெரிய வசதி உண்டு. ஜப்பானிலிருந்து முன்பாதி வெட்டி வரும் 'ஹாஃப்-கட்' வண்டிகள். டொயோட்டா இன்ஜின் உள்ள சாயல் காருக்குச் சாமான் கிடைக்காமல் போவது அரிது. கேட்கும் விதம்தான் முக்கியம். கடையில் காரின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. இன்ஜின் எண், கியர்பாக்ஸ் எண், பிரேக் எந்த வண்டியுடையது, பேரிங் மேல் பொறித்த எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பவர் அரை மணியில் வாங்கி வந்துவிடுவார். முழு இன்ஜினையே மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜேபிஜே) பதிவில் உள்ள இன்ஜின் எண்ணையும் மாற்றியாக வேண்டும்.

இத்தகைய கார் ஒன்றை வாங்கும் எண்ணம் உங்களுக்கிருந்தால், பெயின்ட்டைப் பார்த்து விலை பேசாதீர்கள். கம்பளத்தைத் தூக்கித் தரைத்தட்டைப் பாருங்கள். வண்டியை உயர்த்தி, உடலும் சேசிஸும் சந்திக்கும் இடங்களில் ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே போனால், கேட்ட விலையில் பாதி கொடுத்தாலும் நஷ்டம்தான். உயர்த்திப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.